பாரம் தூக்கக் கூடாதவள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதியது முழு உண்மை இல்லை, ஆனால் கடிதம் என்றால் அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் பேசினால் மற்றதில் இன்னும் தெளிவாகக் கேட்கும். என் பையன் தாடி வைக்கிற வயதுக்கு வந்துவிட்டான். அவன் காதுபட, எனக்கு இந்த மாதமும் நிற்கவே இல்லை என்று உன்னிடம் எப்படிப் புலம்புவது? என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு பல்பு வாங்கப் போய்விடுவார். இந்த வருஷம் வீட்டில் தெருவுக்கே போதுமான பல்பு சேர்ந்திருக்கிறது.

உன் மகள் சிட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடுதியிலிருந்து அழுக்கு மூட்டையோடு வந்துவிடுகிறாள். துவைத்து, காயப் போட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டு, சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டுப் போகிறாள். படிக்கவும் செய்கிறாளாம். அவளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பட்டறையில் ஒரு கூத்து நடந்தது. ஒரு டாக்டர் வீட்டு சோபா, மூன்று பேர் உட்காருவது, பாலாடை நிறத்தில் துணி. அந்த நிறத்தைப் பார்த்தபோதே, இன்றைக்கு இதன்மேல் உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மூலையில் பஞ்சு சரியாக உட்காரவில்லை. கையால் அழுத்திப் பார்த்தேன், முழங்காலால் அழுத்திப் பார்த்தேன், கடைசியில் எப்போதும் செய்கிற மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது துணியில் கறை.

கட்டையாக நின்றுவிட்டேன் அக்கா. கூட வேலை செய்கிற நூல்கண்டுதான் முதலில் பார்த்தாள். பேச ஆரம்பித்தால் அறுபடாமல் போய்க்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கையில் இருந்த ரெக்சின் துண்டை அதன்மேல் விரித்துவிட்டு, வாசல் பக்கம் போய் நின்று காவல் காத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து, மிச்சத் துணியில் வெட்டி, மறுபடி தைத்து மூடினேன். முதலாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. வேலை செய்கிற இடத்தில் உட்காரப் பயந்துகொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி, அதனால்தான் இவ்வளவு போக்கு. ரத்தம் குறைந்துபோய் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவர் வழிகளைச் சொன்னார். மாத்திரை ஒன்று. உள்ளே ஒரு சின்னச் சாதனம் வைப்பது ஒன்று. காப்பர்-டி மாதிரி இருக்குமாம், ஆனால் மருந்து வைத்ததாம், போக்கைக் குறைக்குமாம். இல்லையென்றால் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. அடுத்த தடவை போனபோது அந்தச் சாதனத்தைப் பற்றி இன்னும் ஏதோ விளக்க வந்தார். நான்தான் குறுக்கே புகுந்து, எங்கள் அக்கா எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறாள், எனக்கும் எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்கு முன்னாலேயே பட்டறையிலிருந்து போன் செய்து கேட்டபோது நீ சொன்னாயே, அந்தச் சாதனமெல்லாம் சும்மா, ஒன்றுக்கும் உதவாது, ஒரேயடியாக எடுத்துப் போடு, என்னைப் பார், எடுத்த பிறகுதான் மனுஷியானேன் என்று. எனக்கு அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

மனதில் உறுத்துவது ஒன்றே ஒன்று. ஆபரேஷனுக்குப் பிறகு நீ பாரம் தூக்குவதே இல்லை. கடைக்குப் போனாலும் அத்தான்தான் பையைச் சுமக்கிறார். நானோ சோபாவைப் புரட்டிப்போட்டுச் சாப்பிடுகிறவள். பாரம் தூக்காத வேலையாகக் கிடைக்குமா என்று முதலாளியிடம் ஜாடையாகக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். இருந்தாலும் தேதி வாங்கிவிட்டேன். அதற்குள் ரத்தம் ஏறுவதற்கு ஊசி போடுகிறார்கள்.

பயமாகத்தான் இருக்கிறது. நீ பட்டதை நான் படமாட்டேனா என்று தைரியம் சொல்லிக்கொள்கிறேன். நீ வரவேண்டாம், அவ்வளவு தூரம் ரயிலில் அலைந்தால் உன் உடம்புக்கு ஆகாது. அங்கிருந்தே எனக்காக வேண்டிக்கொள்.

உன் பிரியமுள்ள
தங்கை


அக்காவுக்கு,

முன்னால் ஒரு வார்த்தை இல்லை, பார்த்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை.

சிட்டு உன்னிடம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் இளகிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே நமக்குள் நடக்கிற கதை அது. காகிதத்தில் அழுகை கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சிட்டுவைத் திட்டாதே. அந்தப் பெண் போட்டுக் கொடுக்கவில்லை. நான் சோபாவில் சுருண்டு கிடந்தேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்று சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "எதுக்கு சித்தி எடுக்கணும்? அம்மாவுக்கு உள்ளே அந்தச் சாதனம் வச்சிருக்காங்களே, அதையே வச்சுக்கோங்களேன். போன வருஷம்கூடப் பழசை எடுத்துட்டுப் புதுசு மாத்தினாங்க. நான்தான் கூடப் போனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. நீயே என்னைப் பாராட்டுவாய், அப்படி நடித்தேன். அம்மாவுக்கு அதனால் குணம் தெரிகிறதா என்று சாதாரணமாகக் கேட்டேன். ரொம்ப நல்ல குணம் சித்தி, அம்மாவுக்கு இப்போது பேருக்குத்தான் வருகிறது, ஒரு தொல்லையும் இல்லை என்றாள். நீ எங்களுக்கெல்லாம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியாது. நீ படுத்துக்கிடந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதோடு அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியே நானும் இருந்திருக்கிறேன், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ படுத்திருந்தபோது நான் வந்து இருந்தேனே அக்கா. பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். உனக்கு மூன்று வேளையும் படுக்கைக்கே சாப்பாடு கொண்டுவந்தேன். தலை வாரினேன். கால் வலிக்கிறது என்றாய், பிடித்துவிட்டேன். கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். நீ என் தோளில் சாய்ந்து, மெதுவாடி, உள்ளே தையல் இழுக்கிறது என்றாய். எந்தத் தையல்? வெளியே தழும்பே இல்லையே என்று நான் கேட்டதற்கு, கீழ் வழியாகவே எடுத்துவிட்டார்கள், இப்போதெல்லாம் அப்படித்தான் என்று சொன்னாய். நானும் மருத்துவம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று ஆச்சரியப்பட்டேன். நூல்கண்டிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

அத்தானுக்கும் தெரியும்தானே? நான் உன் அறைக்குள் வந்தால் அவர் எழுந்து வெளியே போவார். பெண்கள் விஷயம் என்று கூச்சப்படுகிறார், எவ்வளவு நாகரிகமான மனுஷன் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்து நான் சமைத்ததைச் சாப்பிட்டாரே, உப்பு போதவில்லை என்று வேறு சொன்னாரே. ஏமாந்த சோணகிரியாக இருந்திருக்கிறேன்.

எப்படி ஆரம்பித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். உன்மேல் இரக்கப்படத்தான் யோசித்தேன், நம்பு. சாதனம் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். திரும்பி வந்து சோர்ந்து படுத்திருப்பாய். அண்ணி போன் செய்து, எடுத்தாச்சா என்று கேட்டிருப்பாள். நீ விளக்க அலுத்துப்போய் ம் என்றிருப்பாய். எல்லாரும் பதறிக்கொண்டு ஓடிவந்து தாங்கியதும் உனக்கும் சுகமாக இருந்திருக்கும். அதுவரை எனக்குக் கோபம்கூட இல்லை அக்கா. யாருக்குத்தான் ஒரு மாதம் படுத்துக்கொண்டு சாப்பிட ஆசை இருக்காது? எனக்கும் இருக்கிறது. கேட்டிருந்தால் சும்மாவே வந்து செய்திருப்பேன்.

ஆனால் அப்பா விழுந்தாரே.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாம் எல்லாரும் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் வராது, தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், தூக்கித்தான் கழிவறைக்குக் கொண்டுபோக வேண்டும். யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. உன் வீட்டில் தனி அறை இருக்கிறது, அத்தான் வீட்டிலேயே இருக்கிறார். எல்லாரும் உன்னைத்தான் பார்த்தோம். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாய். அவ்வளவுதான். அண்ணனே உனக்காகப் பேசினான். "அவளால தூக்க முடியாது. அவளுக்குக் கர்ப்பப்பையே இல்லையே." நீ தலையைக் குனிந்துகொண்டாய். அழகாக அப்பாவை என் தலையில் கட்டிவிட்டாய்.

இரண்டு அறை வீட்டில், மூன்று வருஷம். எனக்கு மாதாமாதம் கொட்டிக்கொண்டிருக்கும். அதோடுதான் அவரைத் தூக்குவேன். கனமான மனுஷன் அப்பா, உனக்குத் தெரியாது, நீதான் தூக்கிப் பார்க்கவில்லையே. அவரைத் தூக்கித் தூக்கித்தான் எனக்குக் கட்டி வந்ததோ என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பழியை உன்மேல் போடலாம் என்ற ஆசையில்தான் கேட்டேன், மறைப்பானேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றில் தப்பித்தாய்.

அப்பா ஒரு நாள்கூட உன்னைக் குறை சொல்லவில்லை. பேச்சு குழறினாலும் சாயங்காலமானால் ஒரு கேள்வி கேட்பார். "பெரியவளுக்குப் புண்ணு ஆறிடுச்சா?" ஆறிவிட்டது அப்பா என்பேன். அவளை அலைய விடாதே, அவளால் முடியாது என்பார். நான் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே தலையாட்டுவேன். கடைசியில் நீ வந்து சேர்வதற்குள் போய்விட்டார். நீ அழுதபோதுகூட, வயிற்றை அழுத்தி அழாதே அக்கா என்று உன்னைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

இதையெல்லாம்கூட ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நான் பார்த்தது என் அப்பாவைத்தான், ஊரான் அப்பாவை இல்லை. முடியாது, எனக்கு அருவருப்பாக இருக்கிறது, நீ பார்த்துக்கொள் என்று நீ நேராகச் சொல்லியிருந்தாலும் பார்த்திருப்பேன். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் பார்த்திருப்பேன்.

ஆனால் நான் உன்னிடம்தான் கேட்டேன். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை அக்கா, நீ சொல் என்று கேட்டேன். உனக்குப் பதில் தெரியும். உன் உடம்புக்குள்ளேயே இருந்தது பதில். எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான், எதை வெட்டுவதற்கு முன்னாலும் இரண்டு தரம் அளந்து பார் என்று. அந்த வாயால், அந்தச் சாதனம் ஒன்றுக்கும் உதவாது, எடுத்துப் போடு என்றாய். ஏன்? உண்மையைச் சொன்னால் பழைய பொய் வெளியே வந்துவிடும். அது வராமல் இருக்க என் வயிற்றை அறுத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டாய். என் கூடப்பிறந்தவள் என்னை இவ்வளவு மலிவாக நினைத்திருக்கிறாளே என்று பட்டறையில் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நூல்கண்டு ஏனென்று கேட்டதற்கு வயிற்று வலி என்றேன். பொய் எனக்கும் வரும் போலிருக்கிறது.

மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டேன். என் வீட்டுக்காரரும் வந்தார். வாசலில் நிற்கிறேன் என்றார், உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதலில் சுவரில் மாட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தைப் பார்க்க மாட்டாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்தான் கேட்டார், எடுத்தால் இவளுக்கு உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். அந்தச் சாதனம் நல்லதுதானாம், நிறையப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் செய்திருக்கிறதாம். என் கட்டி கர்ப்பப்பைக்குள்ளே துருத்திக்கொண்டு இருக்கிறது. வைத்தாலும் நழுவி வெளியே வந்துவிடலாம், இல்லை, போக்கு குறையாமலே போகலாம். வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம், ஆகாவிட்டால் மறுபடி இதே நாற்காலியில் வந்து உட்கார வேண்டியிருக்கும் என்றார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம், அதில் திரும்ப வளர வாய்ப்பு உண்டு. மொத்தமாக எடுத்தால் மாதப்போக்கு அத்தோடு நிற்கும், ஆனால் அது பெரிய ஆபரேஷன், அதற்கென்று உள்ள ஆபத்துகளும் உண்டு என்று அவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சினைப்பையை விட்டுவிடலாமாம். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் அக்கா அல்ல என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பாரம் தூக்குவதைப் பற்றியும் கேட்டேன். வாழ்நாள் முழுக்கத் தூக்கவே கூடாதா என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது? ஒரு ஆறு வாரம், கூடிப்போனா ரெண்டு மாசம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழைய மாதிரி எல்லாம் தூக்கலாம்." உன் பொய் உண்மையாகவே இருந்திருந்தாலும், அப்பா விழுந்தபோது நீ அவரைத் தூக்கியிருக்கலாம். பொய்க்குள்ளே இன்னொரு பொய் வைத்துத் தைத்திருக்கிறாய், உள்தையல் வெளியே தெரியாமல்.

வீட்டுக்கு வந்து நன்றாக யோசித்தேன். உன்மேல் இருக்கிற ஆத்திரத்தில் சாதனத்தையே வைத்துக்கொண்டு, பார் அது எனக்கும் உதவுகிறது என்று உனக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. அப்படிச் செய்தால் அதுவும் நீ சொல்லிச் செய்த மாதிரிதான். எனக்குப் பிள்ளை போதும். வயது நாற்பத்தைந்து ஆகப்போகிறது. எனக்கு மூச்சு வாங்காமல் படி ஏற வேண்டும், பாலாடை நிறத் துணியில் பயமில்லாமல் உட்கார வேண்டும், பாதியில் நழுவி விழுந்துவிடுமோ என்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க என்னிடம் பொறுமை இல்லை. எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். தேதியும் அதே தேதிதான். நீ சொன்னதுதான் நடக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதே. நீ சொன்னதற்காக நடக்கவில்லை. முதலாளியிடமும் நேராகப் போய், இரண்டு மாதம் கழித்து வந்து பழையபடி சோபாவைப் புரட்டுவேன், என் இடத்தில் ஆளைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

இப்போது நான் கேட்பதைக் கேள். வரவேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். வா. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வந்துவிடு. உன்னை மன்னித்துவிட்டதால் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நடக்குமா என்றும் தெரியவில்லை. எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். வாளி இருக்கிறது, ஈரத் துணி இருக்கிறது, முதல் சில நாள் தூக்கி உட்கார வைக்க நானே இருக்கிறேன். இவற்றைத் தூக்க வேறு யாரையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணனிடமும் அண்ணியிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கட்டாயம் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னைப் பார்த்து, நீ இங்கே என்ன செய்கிறாய், உன்னால் குனிந்து நிமிர முடிகிறதா என்று பதறுவாள். உனக்கு எடுத்தபோது எத்தனை நாள் வலித்தது என்று கேட்பாள். நிச்சயம் கேட்பாள், அவளால் கேட்காமல் இருக்க முடியாது. நான் வாயைத் திறக்க மாட்டேன் அக்கா. உனக்காகவும் பேச மாட்டேன், உனக்கு எதிராகவும் பேச மாட்டேன். படுத்தபடியே உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரயிலில் ஜன்னலோரம் குளிரும், போர்வை எடுத்துக்கொள். சிட்டு ஸ்டேஷனுக்கு வருவாள். நீ நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு.

தங்கை